சாவா மூவாக் கொடையும் ஜிந்துப்பிட்டியின் தேவையும்

2020 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் திகதி, நோன்புப் பெருநாளுக்கு மூன்று தினங்கள் மட்டுமே இருந்த வேளையில், கொழும்பு மாளிகாவத்தையில் மூன்று பெண்கள் நெரிசலில் சிக்கி உயிரிழந்தனர். மேலும் சிலர் காயமடைந்தனர். தனவந்தர் ஒருவர் ஏழைகளுக்குப் பணம் வழங்குகின்றார் என்ற செய்தி காதோடு காதாகப் பரவியதும் குறுகிய ஒழுங்கையொன்றில் பெருந்தொகையானோர் திரண்டனர். கொரோனா ஊரடங்கினால் தலைநகரின் நாட்கூலித் தொழிலாளர் இரண்டு மாதங்களாக வருமானமின்றி முடங்கிக் கிடந்த காலம் அது. அரசாங்கம் வழங்கிய ஐயாயிரம் ரூபா கொடுப்பனவு எத்தனை நாளைக்குக் காணும் என்பதை வீட்டு அடுப்பை மூட்டுகின்றவர்கள் நன்கறிவர். சம்பவத்தையடுத்துப் பொலிஸார் சிலரைக் கைது செய்தனர். ஒரு வார காலம் அது பற்றிப் பேசப்பட்டது. பின்னர் வழமைபோல் மறக்கப்பட்டது.

இச்சம்பவத்தை நாம் இங்கு நினைவூட்டுவது எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக அன்று. கொடுக்க வேண்டும் என்ற மனம் அங்கு இருந்தது. பெற வேண்டிய தேவையும் இருந்தது. இரண்டுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய ஒழுங்கு மட்டுமே இருக்கவில்லை. இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய குறைபாடும் அன்று. 2023 ஆம் ஆண்டு ரமழான் காலத்தில் கராச்சியில் தொழிற்சாலையொன்றின் வாயிலில் ஸகாத் பெறச் சென்ற பத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும், இவ்வாறே மடிந்தனர். அதே ரமழானில் யெமனின் சன்ஆ நகரில் வர்த்தகர்கள் வழங்கிய பணத்தைப் பெறக் கூடியோரில் குறைந்தது 78 பேர் மாண்டனர். கொடை பெறச் சென்ற இடத்தில் உயிரைக் கொடுக்க நேர்வதைவிடப் பெரிய அவலம் வேறென்ன இருக்க முடியும்?

மாளிகாவத்தையிலிருந்து ஜிந்துப்பிட்டி நடை தூரமேயாகும். அங்குள்ள நிலைமையும் வேறுபட்டதன்று. செட்டியார் தெருவின் நகைக்கடைகள் ஒருபுறம், புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் களஞ்சியங்கள் மறுபுறம், கொட்டாஞ்சேனை இன்னொருபுறம் எனச் செல்வம் புழங்கும் வட்டாரங்களுக்கு நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் குடியிருப்பு அது. சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலின் மணியோசையும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே ஒழுங்கையில் கேட்கும். மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்து தங்கிவிட்டவர்கள், தமிழகத்திலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வடக்கிலிருந்து யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள், தலைமுறைகளாக வாழும் முஸ்லிம் குடும்பங்கள், சிங்களக் குடும்பங்கள் யாவரும் தோட்டம் என்று அழைக்கப்படும் வரிசை வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்கின்றனர். குறுக்குத் தெருக்களில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார், கடைச் சிப்பந்திகள், முச்சக்கர வண்டி ஓட்டுநர்கள், வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் ஆகியோரே இங்குள்ள உழைப்பாளிகள். அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் உலை கொதிக்கும்.

2020 ஜூலை மாதத் தொடக்கத்தில் இங்கு ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருப்பதாகச் சொல்லப்பட்டபோது 29 குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 150 பேர் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஒருவரோடு இத்தனை பேர் சென்றார்களென்றால் அங்குள்ள வீடுகளின் நெருக்கத்தை எவரும் விளங்கிக் கொள்ளலாம். அதற்கு அடுத்து வந்தது 2022 இன் பொருளாதார வீழ்ச்சி. அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. நாட்டின் வறுமை ஒரே வருடத்தில் 13 வீதத்திலிருந்து 25 வீதமாக, அதாவது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது என உலக வங்கி மதிப்பிட்டது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாட்களை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக ‘அஸ்வெசும’ கொடுப்பனவு ஆரம்பிக்கப்பட்டபோது, பட்டியலில் பெயர் விடுபட்டவர்களின் மேன்முறையீடுகள் நாடெங்கும் பிரதேச செயலகங்களில் குவிந்தன. வாடகை வீட்டுக்குள் வாடகைக்கு இருப்பவர், முகவரிக்கு ஆவணமில்லாதவர், பகல் முழுவதும் வேலைக்குச் சென்றுவிடுபவர் ஆகியோரே இத்தகைய கணக்கெடுப்புகளில் முதலில் விடுபடுபவர்கள். ஜிந்துப்பிட்டியில் இத்தகையோருக்குக் குறைவில்லை.

அரசாங்கத்தின் வலையிலிருந்து நழுவுகின்றவர்களைத் தாங்கிப் பிடிப்பது தனியார் கொடையே. எமது சமூகங்களில் கொடைக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரமழான் மாதத்தில் உலர் உணவுப் பொதிகள் லொறி லொறியாக வருகின்றன. கோயில்களில் அன்னதானம் நடைபெறுகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வசதியாக வாழும் குடும்பங்கள் பெற்றோரின் நினைவு தினத்தன்று சிறுவர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மதிய உணவு வழங்குகின்றன. புலம்பெயர்ந்த பிள்ளைகள் தந்தையின் பெயராலோ தாயின் பெயராலோ அறக்கட்டளை ஒன்றை ஆரம்பித்து மாதாமாதம் பணம் அனுப்புகின்றனர். ஆனால் இவற்றுள் பெரும்பகுதி அன்றைய தினத்தோடு முடிந்துவிடுவதாகவே உள்ளது. ஒரே நாளில் மூன்று குடும்பத்தினர் பாயசத்துடன் உணவு கொண்டுவரும் இல்லத்தில், அடுத்த வாரம் ஒரு பிள்ளையின் கண்ணாடிக்குப் பணமிருக்காது.

வள்ளுவர் ‘ஒப்புரவறிதல்’ என்றும் ‘ஈகை’ என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். இல்லாதவருக்குக் கொடுப்பது ஒன்று, ஊருக்குப் பொதுவாகப் பயன்படுமாறு வாழ்வது இன்னொன்று என்ற பிரிவினை அதில் தெரிகின்றது. இஸ்லாத்திலும் ஸகாத், ஸதகா, வக்பு என்பன வெவ்வேறானவை. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து அதன் விளைச்சலை அறத்துக்கு வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது ஹதீஸ். வக்பு என்னும் முறையின் அடிப்படையே இதுதான். முதல் அழியக்கூடாது; பலன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்ப்பவர்களுக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்காக 96 ஆடுகளை ஒருவர் கொடுப்பார். இடையர் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் ஈனும், கிழடு கழியும், குட்டிகள் வளரும்; ஆனால் கணக்கில் 96 என்றும் 96 தான். அவற்றுக்குக் கல்வெட்டுகள் சூட்டிய பெயர் ‘சாவா மூவாப் பேராடு’ என்பதாகும். சாகாத, மூப்படையாத ஆடு! மூலதனத்துக்கு இதனைவிட அழகான தமிழ்ச் சொல்லை இன்றைய கணக்காளர் எவராலும் தரமுடியுமென நாம் நம்பவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் ஒரு கோடி ரூபாவை அறத்துக்கென ஒதுக்குகின்றது என வைத்துக்கொள்வோம். இரண்டாயிரம் ரூபா பெறுமதியான உணவுப் பொதிகளாகக் கொடுத்தால் 5,000 குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு வாரத்தில் பொதியும் தீர்ந்துவிடும், கோடியும் தீர்ந்துவிடும். அதே தொகையை எட்டு வீத வருமானம் தரக்கூடியவாறு முதலிட்டால் வருடத்துக்கு எட்டு இலட்சம் கிடைக்கும். மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் 13 மாணவர்களுக்கு வருடம் முழுவதும் உதவலாம். அதற்கு அடுத்த வருடமும் உதவலாம். பதின்மூன்று என்பது ஐயாயிரத்தின் முன் அற்பமாகத் தோன்றலாம். புகைப்படம் எடுத்தாலும் அது அவ்வளவு எடுப்பாக இராது. எனினும் இருபது வருடங்களின் பின் எந்த வீட்டில் எது மிஞ்சியிருக்கும் என்பதை யோசிக்க வேண்டும்.

பசி என்பது இருபது வருடம் காத்திருக்கக்கூடியதன்று என்ற மறுமொழி உடனே எழும். அது நியாயமானதே. 2022 இல் ஒருவேளை உணவைக் கைவிட்ட குடும்பத்திடம் சென்று நீண்டகால முதலீடு பற்றி எவரும் உபதேசிக்க முடியாது. ஆகையால் பொதி கொடுப்பது வீண் என்று நாம் சொல்லவரவில்லை. பொதி மட்டுமே கொடை என்றிருக்கும் பழக்கத்தையே விமர்சிக்கின்றோம். தனிமனிதரின் ஸதகாவும் அன்னதானமும் பசியைக் கவனிக்கட்டும். குடும்ப அறக்கட்டளை என்று பெயர்ப்பலகை வைத்து, யாப்பு எழுதி, வங்கிக் கணக்குத் திறந்தவர்கள் அதையே திரும்பவும் செய்வதற்கு அவ்வளவு ஏற்பாடு எதற்கு?

நிலைத்த கொடை என்ன செய்யும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஜம்சேட்ஜி டாடா 1892 ஆம் ஆண்டில் இந்திய மாணவர்களின் உயர்கல்விக்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். ஐம்பது வருடங்கள் கழித்து, கேரளத்தில் கூரைக் குடிசையொன்றில் பிறந்து, பாடசாலைக் கட்டணம் செலுத்த வழியின்றி வகுப்புக்கு வெளியே நின்ற தலித் மாணவர் ஒருவர், டாடா உதவியுடன் இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். அவர்தான் 1997 இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன். தம்முடைய பணம் யாரைப் படிக்க வைக்கப்போகின்றது என்பது ஜம்சேட்ஜிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர் 1904 இலேயே காலமாகிவிட்டார். டில்லியில் ஹக்கீம் அப்துல் ஹமீத் 1948 இல் தமது ஹம்தர்த் மருந்து நிறுவனத்தையே வக்பாக மாற்றினார். ஆதாயம் கல்விக்கும் மருத்துவத்துக்கும் சென்றது.

எமது நாட்டிலும் முன்மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஜிந்துப்பிட்டியிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் சென்றால் பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் தென்படும். பொன்னம்பல முதலியார் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டியதை அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரையிலான காலத்தில் முழுவதும் கருங்கல்லால் மீளக் கட்டினார். அதோடு நில்லாமல் 1913 இல் யாழ்ப்பாணத்தில் இராமநாதன் மகளிர் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவிலேயே 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. ஒரு குடும்பத்தின் கொடை, அக்குடும்பத்தினர் நினைத்தும் பார்த்திராத வடிவத்தில் இன்று பல்லாயிரம் பேருக்குப் பயன்படுகின்றது.

பேருவளையைச் சேர்ந்த மாணிக்க வர்த்தகர் எம்.ஐ.எம். நளீம் ஹாஜியார் பாடசாலைக் கல்வியை அதிகம் பெற்றவரல்லர். ஆனால் 1973 இல் அவர் ஆரம்பித்த ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியையும் நவீன கல்வியையும் ஒருசேரப் பெற்ற ஒரு புத்திஜீவிப் பரம்பரையையே உருவாக்கிவிட்டது. 2005 இல் அன்னார் மறைந்தார். கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி 2020 இல் மறைந்தார். கலாபீடம் இயங்கிக்கொண்டிருக்கின்றது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவரான அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945 இல் தொடங்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி குடும்ப நிதியன்று. பலருடைய சிறு தொகைகள் சேர்ந்தது. எனினும் வசதியற்ற பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு செல்வதற்குப் பெருந்தனம் தேவையில்லை, ஒழுங்கான நிர்வாகமே தேவை என்பதை அது காட்டியது. மருதானை ஸாஹிராவுக்கு 1892 இல் அத்திவாரமிட உதவிய வாப்பிச்சி மரிக்கார், தேசிய நூதனசாலையைக் கட்டி முடித்ததற்குப் பரிசாக, வெள்ளிக்கிழமைகளில் அதனை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் ஆளுநரிடம் கேட்டதாக மக்கள் சொல்லி வருவதும் இங்கு நினைவுக்கு வருகின்றது. அக்காலத்துத் தனவந்தர்களுக்குக் கேட்கவும் தெரிந்திருந்தது, கொடுக்கவும் தெரிந்திருந்தது.

ஆனால் இக்கதைகளை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. கொடையாளி மறைந்ததும் கொடை எந்தக் கைகளுக்குப் போகின்றது என்பதே குடும்ப அறக்கட்டளைகளின் தீராத சிக்கலாகும்.

சென்னையின் பச்சையப்ப முதலியார் 1794 இல் காலமானபோது தமது செல்வத்தைத் தருமத்துக்கென உயில் எழுதி வைத்தார். அச்செல்வத்துக்குப் பொறுப்பானவர்களின் முறைகேடுகளாலும் வழக்குகளாலும் அது பல பதிற்றாண்டுகள் முடங்கிக் கிடந்தது. அட்வகேற் ஜெனரலாக இருந்த ஜோர்ஜ் நோர்ட்டன் என்ற ஆங்கிலேயர் தலையிட்டு, நீதிமன்றத்தின் மூலம் பணத்தை மீட்டு, கோயில் தருமங்கள் போக மீதியைக் கல்விக்குத் திருப்பினார். பச்சையப்பன் பாடசாலை திறக்கப்பட்டது 1842 இல். உயில் எழுதியவர் மறைந்து 48 வருடங்களின் பின்! அந்த இடைக்காலத்தில் படித்திருக்கக்கூடிய இரண்டு தலைமுறைப் பிள்ளைகளைப் பற்றி எந்த வரலாற்று நூலிலும் குறிப்பிருக்காது.

எமது காலத்துக்கு வருவோமானால், மஹரகமை கபூரிய்யா அரபுக் கல்லூரியின் விவகாரம் கண்முன் நிற்கின்றது. கோட்டையிலுள்ள கபூர் கட்டடத்தின் பெயருக்குரிய மாணிக்க வர்த்தகர் என்.டி.எச். அப்துல் கபூர் ஹாஜியார் 1930களின் தொடக்கத்தில் அக்கல்லூரியை நிறுவி, அதன் பராமரிப்புக்கெனக் கொழும்பில் சொத்தும் ஒதுக்கிவைத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நெருங்கும் நிலையில், அச்சொத்துகளின் நிர்வாகம் தொடர்பாக நம்பிக்கைப் பொறுப்பாளர்களுக்கும் கல்லூரியின் பழைய மாணவர் தரப்பினருக்கும் இடையே எழுந்த பிணக்கு அண்மைய ஆண்டுகளில் வக்பு நியாயசபை வரை சென்றது. வழக்கின் நியாய அநியாயங்களைத் தீர்ப்பது எமது வேலையன்று. அது நீதிபதிகளுக்குரியது. ஆனால் எந்தவொரு குடும்ப அறத்தின் மூன்றாம் தலைமுறையிலும் இவ்வாறான கேள்வி எழக்கூடும் என்பதை இன்று அறக்கட்டளை ஆரம்பிப்போர் உணர வேண்டும். சொத்து குடும்பத்தினுடையதா, அறத்தினுடையதா? பாட்டனார் கொடுத்ததைப் பேரனார் தமது முதுசமாகக் கருதத் தொடங்கும் கணத்தில் அறம் வெறும் பெயர்ப்பலகையாகிவிடும்.

சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது? 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. அற நம்பிக்கைப் பொறுப்பொன்றில் அக்கறையுடையோர் ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். முஸ்லிம் அறநிலையங்களுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டமும், வக்பு சபையும், நியாயசபையும் உண்டு. இந்து அறநிலையங்களுக்குத் தமிழகத்தில் உள்ளதைப் போன்ற அறநிலையத்துறை இங்கில்லை. பிணக்கு வந்தால் நீதிமன்றமே கதி, நீதிமன்றமென்றால் ஆண்டுக்கணக்கு. அரசாங்கத்தின் பிடிக்குள் கோயில்கள் செல்வதை நாம் பரிந்துரைக்கவில்லை. தமிழகத்து அனுபவம் அதற்கும் வேறு சிக்கல்கள் உண்டென்று காட்டியிருக்கின்றது. ஆனால் கணக்கு காட்டும் கடமையாவது இருக்க வேண்டும். ஊர் மக்களுக்குத் தெரியாத கணக்கு எந்த மதத்தின் அறநிலையத்துக்கும் அழகாகாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு விடயமும் உண்டு. முன்னோர் பெரும்பாலும் பணமாகக் கொடுக்கவில்லை; கடைகளாகவும் காணிகளாகவும் கொடுத்தனர். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் குடும்ப அறங்களுக்கும் சொந்தமான கடைகள் உள்ளன. பணவீக்கம் பணத்தைத் தின்னும். கட்டடத்தைத் தின்னாது என்ற அவர்களது கணிப்பு சரியானதே. வங்கி வைப்பில் அறப்பணத்தை வைத்திருந்தவர்கள் 2022 இல் அதன் பெறுமதி கரைந்ததைக் கண்டனர். ஆனால் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய வாடகைக் குடியினருக்கு வழங்கிய பாதுகாப்பினால், கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் கடைக்கு அறநிலையம் பெறும் வாடகை தேநீர்ச் செலவுக்கும் காணாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. ஏழை வாடகைக்காரரைக் காக்க வந்த சட்டம், ஏழைகளுக்கான அறத்தின் வருமானத்தை வசதி படைத்த வாடகைக்காரரின் பைக்குள் சேர்ப்பித்தது விந்தையே. சட்டம் எதைச் சொன்னாலும், அறநிலையத்தின் கடையில் இருந்துகொண்டு பழைய வாடகை கொடுக்கும் வர்த்தகர் தமது மனச்சாட்சியிடம் கணக்குக் கேட்கலாம். அவர்களில் சிலர் வருடாவருடம் தமது பெயரில் தனியாக உணவுப் பொதி வழங்குகின்றவர்கள் என்பது இன்னும் விந்தை.

கொடை பெறுகின்றவரின் குரல் எங்கே என்ற கேள்வியும் உண்டு. லைக்கா நிறுவனத்தின் சுபாஸ்கரன் அல்லிராஜா தமது தாயாரின் பெயரால் அமைத்த ஞானம் அறக்கட்டளை, யுத்தத்தால் பாதிக்கப்பட்டோருக்கென வவுனியாவில் 150 வீடுகளைக் கட்டியது. 2017 ஏப்ரலில் நடிகர் ரஜினிகாந்த் வந்து அவற்றைக் கையளிப்பதாக இருந்தது. தமிழகத்து அரசியல் தலைவர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததால் அவர் மார்ச் மாத இறுதியில் பயணத்தை இரத்துச் செய்தார். வரலாமா கூடாதா என்று சென்னையில் பெரும் விவாதம் நடந்தது. அந்த 150 குடும்பங்கள் என்ன நினைத்தன என்பதை அவ்விவாதத்தில் பங்குபற்றிய எவரும் கேட்டதாக எமக்கு நினைவில்லை. வீடு என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் என்பதை விட்டு ஒரு மேடையாகிவிட்டது.

இவ்வளவு பெரிய மேடை ஜிந்துப்பிட்டிக்கு வருவதில்லை. ஆனால் சிறிய மேடைகள் வருகின்றன. பிரதம அதிதி வரும் வரை இரண்டு மணித்தியாலம் வெய்யிலில் நிற்கும் தாய்மார், பொதியை இரு கைகளாலும் ஏந்தியபடி ஒளிப்படக் கருவியைப் பார்க்கச் சொல்லப்படும் சிறுமி, மறுநாள் அவ்வொளிப்படத்தைத் தன் வகுப்புத் தோழிகளின் கைத்தொலைபேசிகளில் காணும் அதே சிறுமி. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று இஸ்லாமும் கிறிஸ்தவமும் ஒரே உவமையால் சொல்லியிருக்கின்றன. இங்கோ இடது கை மட்டுமன்றி முகநூல் முழுவதும் அறிகின்றது. கணக்கைப் பகிரங்கப்படுத்துங்கள், முகங்களை மறைத்துவிடுங்கள் என்பதே எமது வேண்டுகோள். இன்று நடப்பது பெரும்பாலும் இதன் மறுதலையாகும்.

அப்படியானால் குடும்ப அறக்கட்டளையொன்று ஜிந்துப்பிட்டியில் எதைச் செய்யலாம்? கல்வி இலவசம் என்பது 1945 தொடக்கம் எமது பெருமை. ஆயினும் க.பொ.த. சாதாரண தரம் முடித்த மாணவன் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலைக்குச் சேர்வதைத் தடுக்கக்கூடிய தொகை, பாடசாலைக் கட்டணம் அன்று. அவன் வேலைக்குப் போகாததால் வீட்டுக்கு இல்லாமற்போகும் வருமானமே அத்தொகை. புத்தகப் பையும் கொப்பிகளும் அதை ஈடு செய்யா. உயர்தரம் படிக்கும் இரண்டு வருடங்களுக்கும், பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரையிலான நீண்ட இடைவெளிக்கும் மாதாமாதம் தவறாமல் வரும் ஒரு சிறு தொகை அதைச் செய்யும். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் அதிகம் தொலைந்து போகின்றனர். இவ்வருடம் தந்துவிட்டு அடுத்த வருடம் தராத உதவியைவிட, சிறிதாயினும் நிச்சயமான உதவி மேலானது. வட்டிக்காரரிடம் நாட்கடன் பட்டிருக்கும் தாய்க்கு அக்கடனைத் தீர்க்க வட்டியில்லாக் கடன், மூட்டை தூக்கி முதுகு முறிந்த நாட்டாமிக்கு இருந்து செய்யக்கூடிய ஒரு தொழில், நகர அபிவிருத்தி அதிகார சபையின் அடுக்குமாடிக்கு இடம் மாற்றப்படும் குடும்பத்துக்கு முதல் சில மாதங்களின் மின்சாரப் பட்டியலுக்கும் பயணச் செலவுக்கும் கைகொடுத்தல் என்பன எல்லாம் பெரும் பணம் கேட்பவையல்ல. வீட்டுக்கு வீடு சென்று விசாரிக்கக்கூடிய ஓர் ஆளைக் கேட்பவை. நல்ல அறக்கட்டளை முதலில் செலவழிக்க வேண்டியது அத்தகைய ஒருவருக்கான சம்பளத்துக்கே என்று நாம் சொன்னால் சிலருக்குக் கசக்கும். முழுப்பணமும் ஏழைக்கே போகிறது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கின்றது. மாளிகாவத்தை ஒழுங்கையில் முழுப்பணமும் ஏழைகளுக்கே போகவிருந்தது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். முஸ்லிம் அறக்கட்டளை முஸ்லிம் வீட்டுக்கும் இந்து அறக்கட்டளை இந்து வீட்டுக்கும் மட்டும் உதவுவதில் தவறில்லை என்றே பலர் நினைக்கின்றனர். ஸகாத்துக்கு வரையறுக்கப்பட்ட உரியவர்கள் உண்டு என்பதையும், கொடையாளி விதித்த நிபந்தனையை மீற முடியாது என்பதையும் நாம் மதிக்கின்றோம். ஆனால் ஸதகாவுக்கு அவ்வாறான எல்லையில்லை. அன்னதானப் பந்தியில் எவரும் பெயர் கேட்பதில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி உமறுப் புலவரை மட்டுமன்றிப் பிற சமயப் புலவர்களையும் ஆதரித்தார் என்பதனாலேயே, செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று தமிழர் அனைவரும் இன்றளவும் சொல்கின்றனர். சுவரோடு சுவராக உள்ள இரு வீடுகளில் ஒன்றுக்கு மூன்று பொதிகளும் மற்றையதற்கு ஒன்றுமில்லாமலும் போகும்போது அந்த ஒழுங்கையில் உருவாகும் மனக்கசப்பை, எந்த ஒற்றுமை மாநாடும் பின்னர் கழுவிவிடாது.

கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் அவ்வட்டாரப் பாடசாலைகளின் அதிபர்களும் கிராம உத்தியோகத்தரும் அமர்ந்து ஒரேயொரு பொதுப் பதிவேட்டை வைத்துக்கொள்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. யாருக்கு யார் எதை எப்போது கொடுத்தார் என்பது அதில் இருந்தால் போதும். ஒவ்வொரு வருடமும் உயர்தர வகுப்புத் தொடங்கிச் சில வாரங்களுக்குள் வகுப்பிலிருந்து நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர்கள் அதிபர்களிடம் இருக்கின்றன. உதவ விரும்பும் குடும்பங்கள் அடுத்த பொதிக்கு அரிசி வாங்கக் கட்டளையிடுவதற்கு முன்னர், அந்தப் பெயர்களை ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.